கூட்டேரிப்பட்டில் இறங்கியவள்

விழுப்புரம்
14.6.2020

அன்புள்ள சங்கவி,

பேசாமல் இருந்தது போதும். தை மாதத்திலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். மூடிக்கொண்டே இருந்தால் எனக்கு ரோஷமில்லை என்று உன் மாமா நினைப்பார், சம்மதித்துவிட்டேன் என்று உன் அம்மா நினைப்பாள். இரண்டும் உண்மையில்லை என்று உனக்காவது தெரியவேண்டும். உன் அம்மா தன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். உன் மாமா ஆனந்தராஜின் எண்ணுக்கு நான் அடிக்கமாட்டேன். உனக்கென்று தனிப் போனும் இல்லை. அதனால்தான் தபால்.

உனக்கு அறுவை சிகிச்சை நடந்தது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? எங்கள் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் அலெக்ஸ் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார்: "இன்னா சார், பொண்ணுக்கு ஆபரேஷன் முடிஞ்சி ஊட்டுக்கு வந்துடுச்சாமே, நல்லா கீதா?" நான் "நல்லா இருக்கு சார்" என்றேன். வேறென்ன சொல்வது? என் மகளின் இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலை இழுத்து அதோடு தைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி எனக்கு அலெக்ஸின் ஊறுகாய் வாசனைக்கு நடுவே வந்து சேர்ந்தது.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் இரைப்பை வரைவேன். உடம்பு இளைக்க இதுதான் வழி என்று புதுச்சேரியில் அந்த மருத்துவர் முதல் தடவை சொன்னபோது, பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கத்தி தேவையில்லை, வாயைக் கட்டினால் போதும் என்று சொல்லி எழுந்து வந்தவன் நான். அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. பம்புசெட்டு விற்கிற உன் மாமா முடிவு செய்தார், உன் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

உன் மாமா வீட்டுக் காதுகுத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. அத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, இலையில் சோறு விழும் நேரத்தில், "இன்னா மாப்ள, ஊரு புள்ளைங்களுக்கு வவுறு படம் போட்டுக் காட்டறீங்கோ, ஒங்க புள்ளைக்கு மூச்சு வாங்கறது கண்ணுக்குத் தெரியலியா?" என்றார். நான் சாப்பிடாமல் எழுந்தேன். உன் அம்மா எழவில்லை. தீபாவளி கழித்து உன்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டாள்.

இப்போது ஊரெல்லாம் நோய். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சத்து குறையும், முடி கொட்டும், எதிர்ப்புச் சக்தி போகும். உனக்கு ஒன்று என்றால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள்? இதையெல்லாம் பம்புசெட்டுக் கடையில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

பள்ளி மூடிக்கிடக்கிறது. பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு நான் வெளியே வருவதற்குள் போய்விடுகிறார். சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் இன்னும் வரவில்லை.

மாஸ்க் இல்லாமல் வாசலுக்கு வராதே.

உன் அப்பா,
அரங்கநாதன்


திண்டிவனம்
1.7.2020

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே பெரிய கலாட்டா. தபால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று நீட்ட, அத்தை அதைக் குறடால் வாங்கி, மொட்டைமாடியில் காயப்போட்டு, சானிடைசரும் தெளித்தார். மை கரைந்து நாலைந்து வரி போய்விட்டது. போன வரிகளில் மாமாவைத்தான் திட்டியிருப்பீர்கள் என்று நானே எடுத்துக்கொண்டேன். மாமா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கோர்ட்டு நோட்டீஸா? இந்தக் காலத்துல எவன்டி கவுருல லெட்டரு போடறான்?" என்றார். "எங்கப்பா போடறாரு" என்றேன்.

ஒன்று சொல்லவேண்டும். ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று கேட்டது நான். மாமா இல்லை, அம்மா இல்லை. அம்மா முதலில் வேண்டாம் என்றுதான் அழுதாள்.

தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வரும். நீங்கள் குறட்டை என்று நினைத்தீர்கள். அம்மா விளக்கைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். சர்க்கரையும் வந்துவிட்டது என்று அந்த டாக்டர் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை, அதற்குள் எழுந்து போய்விட்டீர்கள். பள்ளி ஆட்டோவில் என் பெயர் 'ரெண்டு டிக்கெட்டு'. இதை உங்களிடம் சொன்னதில்லை. சொன்னால் ஆட்டோக்காரரிடம் போய்ச் சண்டை போடுவீர்கள், மறுநாள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

சாயங்காலம் நீங்கள் போண்டாப் பொட்டலம் வாங்கி வருவீர்கள். நான் சாப்பிட்டு முடித்ததும் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேசுவீர்கள். இரண்டும் நீங்கள்தான் அப்பா. எனக்கு இரண்டையும் சேர்த்து விழுங்கத் தெரியவில்லை.

நீங்கள் பயப்படுகிற மாதிரி எதுவும் ஆகவில்லை. ஊரடங்கு வந்ததும் அம்மாவும் பயந்துதான் போனாள். புதுச்சேரிக்குப் போகமுடியாது, எல்லை மூடியாயிற்று. டாக்டர் இப்போது அம்மா போனில் வீடியோவில் பார்க்கிறார். என்னைப் போல் ஆபரேஷன் ஆன பிள்ளைகள் சிலரையும் அதே நேரத்தில் சேர்த்து வைத்துப் பேசுவார். 'எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்து ஊதிப்போகிறார்கள், நீங்கள் மட்டும் எடை இறங்கிக்கொண்டே வருகிறீர்கள்' என்றார். எங்களுக்குக் கல்யாண விருந்து இல்லை, கேன்டீன் இல்லை, 'ஒரு வாய்தான் சாப்பிடேன்' என்று கெஞ்ச விருந்தாளி இல்லை. அம்மா கேப்பைக் கூழைக் கரண்டியால் அளந்து தருவாள். மொட்டைமாடியில் நடப்பேன். கடலூர் இனியவன் என்ற பையனுக்கு மட்டும் எடை நின்றுவிட்டது. பொழுது போகாமல் கலர் குடித்துக்கொண்டே இருக்கிறானாம். போன தடவை அவன் வரவில்லை.

முடி கொட்டுகிறது. அதில் நீங்கள் சொன்னது சரி.

எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு நாலு வாயில் முடிந்துவிடும். பிறகு அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கக்கூடாது என்று எழுந்து போய்விடுவேன். முன்பு நான் சாப்பிடுவதை எல்லோரும் பார்ப்பார்கள். இப்போது இப்படி.

ஒருநாள் இங்கே வாருங்கள் அப்பா. மாமா ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னாலும் நான் இருக்கிறேன்.

அன்புடன்,
சங்கவி


விழுப்புரம்
19.7.2020

அன்புள்ள சங்கவி,

கடிதம் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லச் சொல்ல எழுதியதாக இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். இனியவனுக்கு இரண்டு சுழி ன் சரியாகப் போட்டிருக்கிறாய், அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது வராது, ஆகவே நீயே எழுதியதுதான்.

நீ கேட்டாயாம். குழந்தை கேட்டால் உடனே கொடுத்துவிடுவதா? பிறகு பெற்றவர்கள் எதற்கு? எனக்கு யார் மேல் கோபம் என்று நீ புரிந்துகொள்ளவில்லை. ஆபரேஷன் நன்றாக நடந்ததா இல்லையா என்பது வேறு. என் மகள் மயக்க மருந்தில் படுத்திருந்த நேரத்தில் நான் பத்தாம் வகுப்பு அறையில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருந்தேன். அன்று வெளியே காத்திருக்கும் உரிமை எனக்கு உண்டு. அதைப் பிடுங்கியவர்களை நான் மன்னிக்கமாட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்பதால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது.

போண்டாவைப் பற்றி எழுதியிருந்தாய். நீ பள்ளியிலிருந்து வரும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். என்ன நடந்தது என்று கேட்க எனக்கு வராது. வாங்கிவரத்தான் வரும்.

இன்னொன்று. ஊர் உன்னை என்னென்னவோ சொல்லியிருக்கும். நான் உன்னைக் குண்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. யோசித்துப் பார். ஒருநாளும் இல்லை.

அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன். ஆனந்தராஜ் விழுப்புரம் வந்து, 'செய்தது தப்பு' என்று என் எதிரில் சொல்லட்டும். பிறகு யோசிக்கலாம்.

இங்கே எதிர்வீட்டு விருத்தாசலத்துக்குக் காய்ச்சல் வந்து தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நானும் ஒரு நாயும். அதுவும் நேற்றிலிருந்து வரவில்லை.

மாத்திரைகளை விடாமல் சாப்பிடு. இரும்பும் பி12-ம் முக்கியம்.

உன் அப்பா,
அரங்கநாதன்


திண்டிவனம்
18.10.2020

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆன்லைன் வகுப்பு, பிறகு ஒரு கூத்து. அதை முதலில் சொல்கிறேன்.

விநாயகர் சதுர்த்தி அன்று வீடெல்லாம் வெல்ல வாசனை. எனக்கு இனிப்பு ஆகாது, குடலில் நேராக இறங்கிப் படபடப்பு வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரியும். தெரிந்தே, அம்மா குளிக்கப் போன நேரத்தில், இரண்டு பூரணக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. கூடத்திலேயே படுத்துவிட்டேன்.

மாமா பார்த்தாரோ இல்லையோ, "யாரும் கிட்ட போவாதீங்க! வந்துடுச்சி! நம்ம ஊட்டுக்கும் வந்துடுச்சி!" என்று வாசலுக்கு ஓடினார். அத்தை சானிடைசர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து என் மேலேயே அடித்தார். மாமா வாசலில் நின்று, "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு, ஜல்தியா பண்ணு" என்று கத்த, தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அம்மா ஈரத்தலையோடு வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். "கொரோனாவும் இல்ல ஒரு எழவும் இல்ல. ஏலக்கா வாசன வருது. எத்தினிடி தின்ன?" என்றாள். அரை மணியில் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு வாரம் எங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடவில்லை.

சிரித்தீர்களா? சிரித்தால் நல்லது.

இப்போது என் எடை எண்பதுக்குக் கீழே வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் போகும்போது நூற்றிருபத்தாறு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இரவில் மூச்சு சீராக இருக்கிறது, அம்மா தூங்குகிறாள். முடி ரொம்பக் கொட்டியதால் கழுத்துவரை வெட்டிவிட்டேன். கைகளில் தோல் தொங்குகிறது, அதனால் முழுக்கை போடுகிறேன். என் பழைய துணி எதுவும் ஆகாததால், அம்மா தன் பழைய ஜாக்கெட்டைக்கூட எனக்குப் பிடித்துத் தைத்துத் தந்தாள்.

ஆனால் இதையெல்லாம் பார்த்து 'அடடா' என்று சொல்ல யாருமில்லை அப்பா. பள்ளி இல்லை. ரெண்டு டிக்கெட்டு என்று சொன்னவர்கள் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். இப்போது வகுப்பில் நான் ஒரு சின்னக் கட்டம், அதிலும் கேமராவை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். இந்த வீட்டில் தினமும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நீங்கள்தான் என்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. உங்கள் முகத்தில்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு யோசனை. உங்கள் வீடும் வேண்டாம், மாமா வீடும் வேண்டாம். இரண்டு ஊருக்கும் நடுவில், ரோடு பிரியும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டுக்கு வாருங்கள், மயிலம் போகும் முனையில் டீக்கடை இருக்கிறதே, அங்கே. நவம்பர் 8, ஞாயிறு, காலை பத்து மணி. பஸ் ஓடுகிறது. நான் தனியாக வருகிறேன், முதல் தடவையாக. அம்மாவிடம் கேட்டேன். "போய்ட்டு வா, ஒங்கப்பா ஒன்னியப் பாக்கட்டும்" என்றாள்.

வருவீர்கள்தானே?

சங்கவி


விழுப்புரம்
9.11.2020

சங்கவிக்கு,

நேற்று பத்து மணிக்கு முன்பே கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டேன். மதியம் வரை வெயிலில் நின்றேன். திண்டிவனத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்த்தேன். நீ வரவில்லை.

வரமுடியாது என்றால் ஒரு கார்டு போட்டிருக்கலாம். வரவிடாமல் தடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதனைக் கூட்ரோட்டில் நிறுத்தி வைப்பதில் அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன சுகமோ. டீக்கடைக்காரன் வேறு, "இன்னா சார், டீ மேல டீயா போவுது, பொண்ணு பாக்க வந்தீங்களா, பொண்ணூட்டுக்காரங்களக் காணமா?" என்றான். அங்கே இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்திலேயே பூசினாற்போன்ற உடம்போடு ஒரு பெண் வெகுநேரம் நின்றிருந்தாள். தலைமுடியைக் கத்தரித்து, மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டிருந்தாள். என்னையே பார்ப்பது போலிருந்ததால், திண்டிவனத்துப் பெண்ணாக இருந்தாலும் இருக்கும் என்று, "ஏம்மா, திண்டிவனம் பஸ்சுலேர்ந்து குண்டா ஒரு பொண்ணு எறங்குச்சா? பதினேழு வயசிருக்கும்" என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் கழித்து, "அப்டி யாரும் எறங்கலீங்க" என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில். "தேங்க்ஸ்மா" என்றேன். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். யாரோ பெற்ற பெண், முன்பின் தெரியாதவனுக்கு நின்று மரியாதையாகப் பதில் சொல்கிறது. எனக்குப் பிறந்தது எனக்கு ஒரு கார்டு போடவில்லை.

தீபாவளிக்கு உனக்கு ஒரு சுடிதார் எடுத்து வந்திருந்தேன். மெரூன் நிறம். கடையில் இருப்பதிலேயே பெரிய அளவாகக் கேட்டு வாங்கியது. திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரங்கநாதன்


திண்டிவனம்
22.11.2020

அப்பா,

அந்தப் பெண் நான்தான்.

நீங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், மேல் பட்டன் இல்லை. துணிக்கடைப் பையை இடுக்கிக்கொண்டு டீ குடித்தீர்கள். நீங்களும் ரொம்ப மெலிந்துவிட்டீர்கள் அப்பா, கழுத்தெலும்பு தெரிகிறது. ஆனால் பஸ் படியில் காலை வைத்தபோதே நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் முன்னாடியே வந்து நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் பார்த்தீர்கள், பிறகு ரோட்டைப் பார்த்தீர்கள். விளையாடுகிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நேராகக் கிட்டே வந்து நின்றேன். 'அப்பா' என்று கூப்பிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் கூப்பிட்டு நீங்கள் திரும்புவது வேண்டாம், நீங்களாகப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தது. அதற்காகத்தான் வந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். அப்போதுதான் நீங்கள் கேட்டீர்கள்.

குண்டா ஒரு பொண்ணு என்று.

நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது உண்மைதான். அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அப்படி யாரும் இறங்கவில்லை என்று சொன்னேன். அது பொய்யில்லை.

எனக்கே சில நாள் குழப்பமாகத்தான் இருக்கிறது. இப்போதும் கதவு வந்தால் ஒருக்களித்துத்தான் நுழைகிறேன், அவ்வளவு இடம் தேவையில்லை என்று தெரிந்தும். பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தபோது எழுந்துவிடப் பார்த்தேன். உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். அது கோபம் மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தியாடி? எப்டி கீறாரு?" என்று அம்மா கேட்டாள். "பாத்தேன், நல்லாத்தான் கீறாரு" என்றேன். "இன்னா சொன்னாரு?" என்றாள். "தேங்க்ஸ்னு சொன்னாரு" என்றேன். அம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

இப்போதைக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கவி


விழுப்புரம்
3.12.2020

சங்கவி,

உன் கடிதம் புயலுக்கு முதல்நாள் வந்தது. மின்சாரம் இல்லாமல் மெழுகுவத்தியில் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒரு விநாடி மாஸ்க்கை இறக்கியிருக்கலாம் இல்லையா? கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, அப்பன் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு, ஊரான் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். இது பரீட்சையா? யார் யாருக்கு வைப்பது? பாதி முகத்தை மூடி, முடியை வெட்டி, ஆள் பாதியாகி வந்து நின்றால் பெற்றவளுக்கே தெரியாது. உன் அம்மா தினமும் பார்த்துப் பார்த்துப் பழகியவள். அந்தத் தினங்களை எனக்குக் கொடுக்காதது யார்? என்னிடம் காட்டியிருந்தால் நானும் கிலோ கிலோவாகப் பார்த்திருப்பேனே. பிடுங்கியவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறாய்.

பதில் போடு.

அரங்கநாதன்


விழுப்புரம்
24.1.2021

சங்கவி,

நீ பதில் போடவில்லை. பொங்கல் வரை பார்த்தேன். தபால்காரர் நேற்று, "வந்தா குடுக்க மாட்டனா சார், தெனிக்கும் வாசல்ல நின்னா இன்னா பண்றது" என்றார்.

போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உன் அம்மா எனக்குச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது தப்புதான். ஆனந்தராஜ் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பியது தப்புதான். சாகும்வரை அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அதையெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டிருப்பதில் இனி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி திறந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாஸ்க்கோடு, பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது நான் தலையைத் தூக்காமல் பெயரை மட்டும் வாசிக்கிறவன். அன்றைக்குத் தூக்கிப் பார்த்தேன். ஒருவரையும் தெரியவில்லை. பத்து மாதத்தில் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள், பெண்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பெயர் சொல்லச் சொன்னேன். கடைசி பெஞ்சில் கொஞ்சம் பருமனாக ஒரு பெண். எழுந்திருக்க நேரமாயிற்று. அவள் எழுவதற்குள் இரண்டு பையன்கள் மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். மாஸ்க்குக்குள் சிரித்தாலும் தெரியும், கண் சின்னதாகும். இத்தனை வருடம் எத்தனை வகுப்பில் இப்படிச் சிரித்திருப்பார்கள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றிருப்பேன். அந்தப் பெண் பெயர் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டால் மறுநாள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூட்டேரிப்பட்டுக்குப் போகிறேன். நீ வருவாய் என்று இல்லை. வந்தால் இந்தத் தடவை தெரிகிறதா என்று பார்க்க. பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன், கண்ணை, நடையை, கையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று. போன வாரம் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு இறங்கிய ஒரு அம்மாள், "யோவ், வயசான ஆளு, இன்னாய்யா பொம்பளப் புள்ளைங்கள உத்து உத்துப் பாத்துக்கினு நிக்கற? ஒனக்குப் பொண்ணு இல்ல?" என்று கத்தினாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். டீக்கடைக்காரன்தான் வந்து, "உடும்மா, அவரு வாத்தியாரு, பொண்ணுக்காகக் காத்துக்கினு கீறாரு" என்று விலக்கிவிட்டான். "எந்தப் பொண்ணு, இன்னா அடையாளம், சொல்லச் சொல்லு" என்றாள் அந்த அம்மாள். நான் வாயைத் திறந்தேன். அடையாளம் சொல்ல வரவில்லை. விலங்கியல் படித்தவன், பூச்சிக்குக் கூட அடையாளம் சொல்லிக்கொடுத்தவன். உனக்கு என்ன சொல்வது? அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

உன்னைப் பார்க்கவேண்டும். அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கச் சொன்னால் நிற்பேன். ஆனந்தராஜ் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் நீ சொல்லாமல் வரமாட்டேன். வந்து, கதவைத் திறப்பது யார் என்று மறுபடியும் தெரியாமல் நின்றுவிட்டால் அதை உன்னால் தாங்கமுடியாது, என்னாலும் முடியாது.

அடியில் 'உன் அப்பா' என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். நீ அன்று பெயர் சொல்லாமல் நின்று, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாய். அது எப்படி இருந்திருக்கும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அதனால் இதில் கையெழுத்துப் போடவில்லை. உறையின் மேலும் அனுப்புகிறவன் பெயர் எழுதவில்லை. இது யாருடையது என்று பார்த்து நீ சொன்னால் உண்டு. இப்போதே ஒட்டி, ஸ்டேஷன் எதிரில் இருக்கும் பெட்டியில் இப்படியே போட்டுவிட்டு வருகிறேன்.